ஹெரால்டின் இடது கதவு

பழைய கார்களுக்கு ஒரு வியாதி உண்டு. கதவைச் சும்மா சாத்தினால் சாத்தாது. லேசாகத் தூக்கி, கொஞ்சம் வேகமாக அடிக்க வேண்டும். கார்க்காரருக்கு அது பழகிப்போயிருக்கும். புதிதாக ஏறுகிறவர் இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு முழிக்கும்போது, "தூக்கி அடிங்க, விழும்" என்று உள்ளே இருந்தபடியே சொல்வார். ஏன் இப்படி என்று கேட்டால் "கீல் தேஞ்சு போச்சு" என்பதுதான் வழக்கமான பதில். பல சமயம் கீல் பாவம், நன்றாகத்தான் இருக்கும். அது உட்கார்ந்திருக்கும் தூண்தான் உள்ளுக்குள் போயிருக்கும்.

சென்னிமலையில் போர்வை வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தின் 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இதுதான் நடந்தது.

ஹெரால்டு என்றால் இப்போது படிக்கிற பசங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அம்பாசடரும் பியட்டும் தெரியும், சினிமாவில் பார்த்திருப்பார்கள். ஆனால் 'எங்க ஊர்க் கார்' என்று சொந்தம் கொண்டாட வேண்டுமென்றால் ஹெரால்டைத்தான் கொண்டாட வேண்டும். அம்பாசடர் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்தது. பியட் பம்பாயில். ஹெரால்டு சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆலையிலிருந்து 1961 முதல் வந்தது. மூலம் இங்கிலாந்துதான்: 1959-ல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டு. உடம்பை வரைந்தவர் ஜியோவன்னி மிகெலோட்டி என்ற இத்தாலியர். 948 சி.சி. எஞ்சின். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் வேலை பார்க்கிறவர் டயர் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். தறிக்கார வீதிகளின் சந்துகளில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தக் காரின் கதவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இதன் உடம்பு எப்படிக் கட்டப்பட்டது என்பதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்போது வந்த கார்கள் பலவற்றில் உடம்பே சட்டம். தனியாகச் சேஸிஸ் கிடையாது. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. காரணம் வேடிக்கையானது. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடம்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடம்பையும் ஒரே இடத்தில் செய்து தர வேறு ஆள் சரியாக அமையவில்லை. சரி, உடம்பைத் துண்டு துண்டாக அங்கங்கே செய்வோம், சேஸிஸ் மேல் வைத்து போல்ட் போட்டு முடுக்குவோம் என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவின் விளைவு 60 வருடம் கழித்துச் சென்னிமலையில் ஒரு டிங்கர் பட்டறை வரை வந்து நிற்கிறது. எப்படியென்றால், ஹெரால்டில் கதவின் கீல் மாட்டியிருக்கும் முன்தூண் ஒரு துண்டில் இருக்கிறது. கதவு போய்ப் பூட்டிக்கொள்ளும் பின்தூண் வேறொரு துண்டில் இருக்கிறது. இரண்டு துண்டுக்கும் நடுவே போல்ட்டும் ரப்பர் வட்டும் தகட்டு வட்டும்தான். எதில் ஒன்று தளர்ந்தாலும் பழி கதவின் மேல்தான் விழும்.

கதவும் சின்னக் கதவு இல்லை. 1966 வண்டி இரண்டு கதவு மாடல் (நான்கு கதவு ஹெரால்டு பின்னால்தான் வந்தது). பின்சீட்டுக்குப் போகிறவரும் இதே கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும் என்பதால் கதவு நல்ல நீளம்.

காரை வாங்கியவர் இப்போது இல்லை. 70-களில் ஈரோட்டில் ஒருவரிடமிருந்து வாங்கி, போர்வைக் கட்டுகளைப் பின்சீட்டில் திணித்துக்கொண்டு திருப்பூர், கோயமுத்தூர் என்று ஓடியவர். அவர் மனைவிக்கு வயது 84. மாதா மாதம் கிருத்திகைக்கு மலைக்குப் போக வேண்டும், அதுவும் அந்தக் காரில்தான் போக வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஏற்பாடு. சென்னிமலை முருகன் கோவிலுக்கு 1,320 படி. 1984-ல் மாட்டு வண்டியே படியேறிய மலை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். 84 வயதில் மாடு ஏறின கதையெல்லாம் உதவாது. சுற்றி மேலே போகும் தார் ரோடுதான் வழி.

அந்த ரோட்டில் ஒரு வலது வளைவில்தான் இடது கதவு திறந்துகொண்டது. மகன் ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி வலதுபக்கம் திரும்பும்போது உள்ளே இருப்பவர் இடதுபக்கம் சாய்வார், அதாவது கதவின் மேல். தொங்கிப்போன கதவில் பூட்டு நாக்கு எதிர்த்தூணின் கொண்டியில் முழுசாக உட்காராது. நுனியில் கொக்கி போட்ட மாதிரி நிற்கும். வேகமாகப் போனால் காற்றாவது கதவை உள்ளே அழுத்தும். மலை ஏறும் வேகத்தில் காற்றும் கிடையாது. அந்தக் காலத்து வண்டியில் பெல்ட்டும் கிடையாது. மகன் ஸ்டியரிங்கை ஒரு கையில் விட்டு அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்துப் போட்டதில் ஒன்றும் ஆகவில்லை. அம்மா மேலே போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் அதைப் பற்றிப் பேசினார்.

வீட்டில் பேச்சு நடந்தது. மகன் சொன்னது: வித்துடலாம், அல்லது ஓட்டாமல் வைத்துவிடலாம். பேரனுக்கு வேறு யோசனை. 2021-ல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டிய, சேஸிஸ், உடம்பு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு சிக்கல். அப்படிப் பதிந்த வண்டியைத் தினப்படி ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்று சில காரியங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். கிருத்திகைக்கு மலை ஏறுவது அந்தப் பட்டியலில் இல்லை! கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் 2015-ல் திறந்தார்கள். போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கார்கள் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். ஆனால் அந்தக் கதவுகளை யாரும் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போவதில்லை.

அம்மா சொன்னது ஒரு வரி. "கதவு கெட்டுப்போச்சுன்னா கதவப் பாரு. வண்டிய எதுக்கு விக்கோணும்?"

இதற்கு முன்னாலும் கதவைப் பார்க்காமல் இல்லை. சில வருடம் முன்பு வெளியூரில் ஒரு பட்டறையில் கொடுத்திருந்தார்கள். அவர்கள் பார்த்த வேலையைத்தான் இப்போது பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. பெருந்துறை ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு வயதான டிங்கர் மேஸ்திரியிடம் வண்டி வந்தது. ஆர்க் வெல்டிங்கும் பெயிண்டிங்கும் தெரிந்த பையன்கள் இப்போது நிறைய உண்டு. மெல்லிய தகரத்தை ஓட்டை விழாமல், நெளியாமல் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இவர் அந்தக் குறைந்துவரும் ஆட்களில் ஒருவர்.

மேஸ்திரி எடுத்தவுடன் ஸ்பானரைத் தொடவில்லை. கதவை ஒரு சாண் திறந்து, கைப்பிடி பக்கத்து நுனியைப் பிடித்து மெதுவாகத் தூக்கி இறக்கினார். உதவிக்கு இருந்த பையனை டார்ச் அடித்துக் கீலையே பார்க்கச் சொன்னார். இதில்தான் பாதி வைத்தியம். தூக்கும்போது கீலின் இரண்டு பாதிக்கும் நடுவே ஆட்டம் தெரிந்தால் பின் தேய்ந்திருக்கிறது. புதுப் பின் போட்டால் போதும். கீல் தூணை விட்டு அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது மரை போயிருக்கிறது. கீலோடு சேர்ந்து தூணின் தகரமே மூச்சு விடுகிற மாதிரி உப்பி அமுங்கினால், உள்ளே பிடிமானம் அழுகிவிட்டது. இது எதுவுமே அசையாமல் முன்பகுதி மொத்தமாக இறங்கியிருந்தால் கோளாறு கீழே. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டினாற்போல் வரும் இரும்புக் கரங்களின் மேல்தான் ஹெரால்டின் உடம்பு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கரம் துருப்பிடித்து இறங்கினால் முன்தூணும் கூடவே இறங்கும். அப்போது கீலில் என்ன வேலை பார்த்தாலும் வீண்.

இந்த வண்டியில் கரங்கள் தேவலை. மேல் கீலைச் சுற்றித் தகரம் மூச்சு விட்டது.

"ஏனுங்க, இதுல யாரு பத்த வெச்சது?" என்றார் மேஸ்திரி.

முந்தைய பட்டறையில் கீலைத் தூணோடு சேர்த்து வெல்டு அடித்திருந்தார்கள். அதற்கு மேல் பட்டி, அதற்கு மேல் பெயிண்ட். விரலை மடக்கித் தட்டினால் தகரச் சத்தமே வரவில்லை, காந்தம் ஒட்டவில்லை. அவ்வளவு கனத்துக்குப் பட்டி. வெல்டு அடித்த மாத்திரத்தில் கதவு கெட்டியாக நின்றிருக்கும், வாங்கிப் போனவருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் கீலை இனி முன்னே பின்னே நகர்த்த முடியாது, கழற்றவும் முடியாது. பாரம் முழுவதும் வெல்டு ஓரத்துத் தகரத்தில் இறங்கி, அந்த ஓரத்தை ஒட்டியே கீறல் விட்டிருந்தது. கீழ்க் கீலில் இன்னொரு கூத்து. ஹெரால்டின் மரை அங்குலக் கணக்கு. 5/16 அங்குலம் என்றால் 7.94 மில்லி, கடையில் கிடைக்கும் 8 மில்லி போல்ட் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ஆனால் மரையின் இடைவெளி வேறு. இரண்டு சுற்று விரலில் ஏறும், பிறகு முரண்டு பிடிக்கும், ஸ்பானர் போட்டால் உள்மரையைத் தின்றுகொண்டே ஏறிவிடும். அப்படித்தான் ஏற்றியிருந்தார்கள்.

கீல் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் இதெல்லாம் ஏன் தப்பு என்பது புரியும். தூண் என்பது உள்ளே காலியான ஒரு தகரப் பெட்டி. வெறும் தகரத்தில் மரை போட்டால் ஒரு வாரம் தாங்காது. அதனால் பெட்டிக்குள்ளே தடிமனான ஓர் இரும்புப் பட்டை இருக்கும், மரை அதில்தான். வெளியே கீல், நடுவே தகரம், உள்ளே பட்டை. போல்ட் முடுக்கினால் மூன்றும் சாண்ட்விச் மாதிரி இறுகும். அந்தப் பட்டையை எதிலும் பற்றவைத்திருக்க மாட்டார்கள். ஒரு சின்னக் கூண்டுக்குள் சில மில்லி ஆடும்படி விட்டிருப்பார்கள். போல்ட்டைத் தளர்த்திக் கதவை மேலே, கீழே, முன்னே நகர்த்தி நேர் பார்ப்பது அந்த ஆட்டத்தால்தான்.

முன்கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்தால் மழைத் தண்ணீர் தூணுக்குள் இறங்கும். அடியில் வடிகால் ஓட்டை உண்டு; 50 வருடத்துப் புழுதி அதை அடைத்திருக்கும். தண்ணீர் உள்ளேயே நின்று கூண்டைத் தின்னும். பட்டை நழுவும். இன்னொரு பக்கம், எண்ணெய் காணாத கீல் பின் இறுகிப்போகும். பின் இறுகினால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் சுழல வேண்டியது சுழலாமல் தூணின் தகரத்தை முறுக்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிற அதே கணக்கு.

இதோடு ஒரு முக்கியமான காரணத்தை மேஸ்திரி விசாரித்துத் தெரிந்துகொண்டார். "ஆத்தா எதப் புடிச்சுட்டு எறங்குவாங்க?"

வேறெதை? கதவைத்தான்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்கக்கூடாது. கதவு ஒரு மீட்டர் நீளம், இரண்டு கீலுக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் ஒருவர் தன் எடையில் 50 கிலோவை ஊன்றினால், மேல் கீலைத் தூணிலிருந்து பிடுங்கும் விசை 160 கிலோவுக்கு மேல் வரும். எட்டாங்கிளாஸ் நெம்புகோல் பாடம்தான். மாதம் ஒரு தடவை, ஏற ஒன்று, இறங்க ஒன்று.

மகன் அம்மாவிடம் முக்காலி போட்டுத் தருகிறேன், கைத்தடி வாங்கித் தருகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்டுக்கொண்டார். இறங்கும்போது கை தானாகக் கதவுக்குப் போயிற்று. மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "சரி உடுங்க. அதுக்குத் தக்கன செஞ்சுருவோம்" என்றார்.

வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்காமல், நாலு சக்கரமும் தரையில் இருக்கும்படியே வேலை நடந்தது. தூக்கினால் உடம்பு லேசாக முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கிலேயே கதவை நேர் பார்த்தால் இறக்கியதும் மறுபடி கோணும். கதவுக்கு அடியில் மட்டும் ஜாக்கி, அதன் மேல் பலகை, பலகை மேல் நாலாக மடித்த பழைய போர்வை (அந்த வீட்டில் அதற்கா பஞ்சம்). வலது கதவைச் சுற்றியுள்ள சந்துகளை அளந்து சாக்பீஸால் சுவரிலேயே எழுதிவைத்துக்கொண்டார். இடதுக்கு அதுதான் மாதிரி.

பழைய வெல்டைக் கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கீலைப் பிரிக்கவே ஒரு நாள் ஆனது. பிறகு தூணின் உள்பக்கம், கால் வைக்கும் இடத்துக்குப் பக்கவாட்டில், அட்டை மூடி மறைக்கும் இடத்தில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினார். அதன் வழியாக ஒரு கைப்பிடி துருவும் மண்ணும், கூண்டை விட்டு விழுந்து கிடந்த பழைய பட்டையும் வந்தன. முன்தூண் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு வேறு ஒன்று வைத்துவிடலாமே என்று பேரன் கேட்டான். புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ தேடினாலும் ஹெரால்டு தூண் சுலபத்தில் சிக்காது என்பது ஒன்று. ஒரு தூணை முழுசாக வெட்டினால் கண்ணாடிச் சட்டம் வரை எல்லாம் நகர்ந்துவிடும் என்பது இன்னொன்று. அழுகினதை மட்டும் வெட்டினால் போதும் என்றார் மேஸ்திரி. பேரனுக்கும் உள்ளூர நிம்மதிதான், 'வி.ஏ.' நம்பர் ஆசை இன்னும் போகவில்லை, உடம்பில் கை வைப்பது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று அவன் கணக்கு.

புதுப் பட்டை 6 மில்லி இரும்பு, பழையதை விட நீளம் அதிகம். பாரம் இன்னும் கொஞ்சம் அகலமான இடத்தில் பரவட்டும் என்று. அதில் அங்குல மரை வெட்டினார். கீறல் விட்ட தகரத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, 18 கேஜ் தகரத்தில் அதே அளவுக்குத் துண்டு பொருத்தினார். ஒரே இழுப்பில் வெல்டு ஓட்டவில்லை. இங்கே ஒரு புள்ளி, எதிர்மூலையில் ஒரு புள்ளி, ஈரத்துணி, ஒரு டீ, மறுபடி ஒரு புள்ளி. தகரம் சூடேறினால் வயிறு தள்ளும். தள்ளிய வயிற்றின் மேல் கீல் ஒருபோதும் சமமாக உட்காராது. பட்டைக்குப் புதுக் கூண்டும் செய்தார். பையன் பட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "லூசா இருக்குதுங்க, ஒரு புள்ளி வெச்சுரட்டுமா?" என்று கேட்டான். முந்தைய பட்டறையிலும் இப்படித்தான் யாராவது கேட்டிருக்க வேண்டும். "ஆடோணும்டா. ஆடாட்டி நாளைக்கு எப்படி நேர் பாப்ப?" என்றார் மேஸ்திரி.

ஜன்னலை மூடுவதற்கு முன் உள்ளே ரெட் ஆக்சைடு, அது காய்ந்ததும் கிரீஸ். வடிகால் ஓட்டையைக் கம்பி விட்டுத் திறந்து, மேலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டுகிறதா என்று பார்த்தார். கதவு அளவுக்கு மீறித் திறக்காமல் இழுத்துப் பிடிக்கும் பட்டையும் அறுந்து கிடந்தது. அதுவும் புதிதாயிற்று. அது இல்லாமல் காற்று ஒரு தடவை கதவைப் பிடுங்கி அடித்தால் இத்தனை வேலையும் போய்விடும்.

கதவு மாட்டும்போது கண்ணாடி, பூட்டு, ரப்பர் பீடிங் எல்லாம் போட்ட பிறகுதான் நேர் பார்த்தார். வெறும் கூட்டை மாட்டி நேர் பார்த்தால் கண்ணாடி ஏறிய பிறகு இறங்கிவிடும். கொண்டியைக் கடைசியில் தொட்டார். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கொண்டியை இறக்கி வைத்துத் தொங்குகிற கதவுக்குத் தோதாக்கிவிடுவார்கள். கதவு சாத்தும், ஆனால் தொங்கல் அப்படியே இருக்கும். மலை வளைவில் திறந்த கதவும் அப்படித் தோதாக்கப்பட்டதுதான்.

ஒரு விரலால் தள்ளினால் சாத்துகிற அளவுக்கு வந்தது. வலது கதவின் சந்தோடு ஒப்பிட்டால் மேல்மூலையில் இரண்டு மில்லி வித்தியாசம் இருந்தது. பேரன் அதையும் சரி செய்யச் சொன்னான். அந்த இரண்டு மில்லி ஆலையிலிருந்தே வந்ததாக இருக்கும், உடம்புத் துண்டுகள் சேருமிடத்தில் கை வைத்தால்தான் போகும், வேண்டாம் என்று மேஸ்திரி மறுத்துவிட்டார். துண்டு துண்டாகச் செய்து முடுக்கிய காரில் இரண்டு மில்லிக்கு யார் வழக்குப் போடுவது?

அடுத்த கிருத்திகைக்கு வண்டி மலை ஏறியது. மேலே போய் நின்றதும் அம்மா கதவைத் திறந்து, வழக்கம்போல அதன் மேல் முழுசாக ஊன்றிக்கொண்டு இறங்கினார். மகன் கண் கீலிலேயே இருந்தது.

மாதம் ஒரு தடவை கீல் பின்னுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியனுப்பியிருந்தார். மகனுக்கு ஞாபகம் இருக்காது என்று அம்மா அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். தறிக்கு எண்ணெய் விடுகிற மூக்கு நீண்ட டப்பா ஒன்று வீட்டில் கிடந்தது. இரண்டு கதவுக்கும் விடுகிறார். டிக்கிக் கீலுக்கும்.